ஒசாகாவுக்கு வந்த எங்கள் தெரு

பயிற்சிக்காக ஜப்பானின் ஒசாகா போன எனக்குக் கடைசி நாள் மட்டும்தான் விடுமுறை. அங்குள்ள பழைய கோட்டைக்குள் போய்ப் பார்த்தே தீருவது என்றிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த நாளை நானே படித்துச் சம்பாதித்ததாக ஒரு கர்வம்.

கோட்டை வாசலை நெருங்கும்போது கைப்பேசி அடித்தது. திரையில் அம்மா. பின்னால், "மீ லாபீ!" என்று கூச்சல். எங்கள் ஊரான யாங்கூனில் கரண்ட் வந்தால் தெருவே போடும் சத்தம் அது. தாகேதா பகுதியில் இருக்கும் எங்கள் தெரு முழுக்க அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றது.

கோட்டையைக் காட்டினேன்.

"அது கெடக்கட்டும் மகளே, மீன்கடையக் காட்டு" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள் டோ மியா.

"அம்மா, கோட்டைய மூடிருவாங்க!"

"கோட்டை எங்க ஓடப்போவுது? கரண்டுதான் ஓடிரும்."

பல்லைக் கடித்துக்கொண்டு மீன்கடைப் பக்கம் நடந்து, சந்து சந்தாகக் காட்டினேன். என்றைக்கும் இல்லாமல் அன்று அங்கே கரண்ட் போகவே இல்லை. கடைசியில் என் கைப்பேசிதான் அணைந்தது. கோட்டைக்குத் திரும்பி ஓடினேன். வாசலைச் சாத்திவிட்டார்கள்.

ஊர் திரும்பியும் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. ஒரு மாலை, குழாயடியில் புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்:

"நாங்க ஜப்பான் போயிருந்தப்ப, மீன்கடையில ஒரு ஈ இல்ல."

"சந்துகூட அவ்வளவு சுத்தம்" என்றார் டோ மியா.

'நாங்களா?' என்று வாய்வரை வந்தது. கோட்டையை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். ஆனாலும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ரயில்ல யாரும் சத்தமாப் பேசமாட்டாங்க, அதையும் சொல்லும்மா" என்றேன்.