மூன்றாம் வருஷத்து மேஜை

லா பாஸ் நகரத்தில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, மாத்திரை கொடுப்பது செனோபியாவின் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலைதான், ஆள்தான் மாறும். அப்படி இருந்தபோதுதான் ஊரில் அவள் புருஷன் உல்பியானோ தனியாக இறந்துபோனார். அவள் போய்ச் சேருவதற்குள் புதைத்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை.

நவம்பர் முதல் தேதி நடுப்பகலில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மறுநாள் நடுப்பகலில் கிளம்பிவிடுவார்கள். செத்தபின் மூன்று வருஷம் அவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் வைத்து மேஜை போட வேண்டும்; வந்து ஜெபம் சொல்கிறவர்களுக்கு அந்த ரொட்டியைக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருஷமும் லீவு கிடைக்கவில்லை. இது கடைசி. இந்த முறை அவள் லீவு கேட்கவில்லை. சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். மடியில் கூடை நிறைய, செத்தவருக்கென்று மனித முகம் வைத்துச் சுட்ட ரொட்டி.

ஒருரோ நகரம் தாண்டி வெகுதூரம் வந்தபின், பத்தே முக்காலுக்கு பஸ் நின்றது. நாலு பக்கமும் காய்ந்த புல்லும் காற்றும்தான்.

"ரேடியேட்டர் குழாய் வெடிச்சிருச்சும்மா. எதிர்ல வந்த வண்டியில சொல்லி விட்டிருக்கேன்" என்றார் டிரைவர். "சாமான் வர மத்தியானம் ஒரு மணி ஆயிரும்."

"பன்னெண்டுக்குள்ள வீட்ல இருக்கணும்ப்பா."

"பறந்தா போகலாம்."

பக்கத்து சீட்டு உருளைக்கிழங்கு வியாபாரி ஃபோர்துனாதா சொன்னாள்: "இங்கயே மேஜை போடுக்கா. ரொட்டி இருக்கிற எடத்துக்கு வருவாரு."

"அவருக்கு வீட்டு வழியைத் தவிர வேற தெரியாது."

"குடுத்து வச்சவ நீ. எங்க ஆளு உசுரோட இருக்கும்போதே வழி தவறி அடுத்த வீட்டுக்குப் போயிருவாரு."

செனோபியா புல்லில் சால்வையை விரித்து ரொட்டிகளை அடுக்கினாள். பன்னிரண்டுக்குப் பயணிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். "பேரு என்ன?" என்று கேட்டு, ஜெபம் சொல்லி, ரொட்டி வாங்கிப் போனார்கள். இருபத்தாறு பேர். இத்தனை வருஷத்தில் அவர் பெயரை அவள் இத்தனை தடவை சொன்னதில்லை.

சாமான் வந்து மாட்டி, மூன்று மணிக்கு வண்டி கிளம்பத் தயாரானபோது எதிரே லா பாஸ் போகும் பஸ் வந்தது.

"அதுல ஏறித் திரும்பிடேன்க்கா. அதான் எல்லாம் முடிஞ்சுதே. பூட்டின வீட்ல தனியாப் போயி என்ன செய்வே?"

"ஒருவேளை வீட்டுக்கே வந்திருந்தா? வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பாரு."

நாலு மணிக்கு ஊர் சேர்ந்தாள். பூட்டு துருப்பிடித்திருந்தது, கல்லால் உடைத்தாள். மேஜையைத் துடைத்து, மிச்சமிருந்த இரண்டு ரொட்டியையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் வைத்தாள்.

"பஸ் ரிப்பேர்" என்றாள்.

வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அதை மேஜைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, தன் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.