லயத்து விலாசத்துல ஒரு லெப்டொப்

என் தங்கச்சி நிஷாலினிக்கு லேசுல கோவம் வராது. அவளுக்கும் சேத்து எனக்கு வரும். அதனாலதான் இந்தக் கதைய அவ சொல்லல, அக்காக்காரி மரியகொரட்டி நான் சொல்றேன்.

நாங்க லுணுகலைக்கு மேல தேயிலைத் தோட்டத்துல, மேல் டிவிசன், ஏழாம் நம்பர் லயம். லயம்னா தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா ஒட்டிக் கட்டிவிட்ட ஒத்த ரூம் வீடுங்க. நான் பிள்ளைமடுவத்துல கொழுந்தெடுக்குறவங்க புள்ளைகளப் பாத்துக்கிறேன். அவ ஏ.எல். பரீட்சை முடிச்சிட்டு பண்டாரவளையில ஒரு கொம்பியூட்டர் கடையில வேலைக்கு நின்னா. முதலாளி சம்பளத்த இழுத்தடிச்சு இழுத்தடிச்சு, கடைசியில செத்துப்போன ஒரு லெப்டொப்பக் கையில குடுத்து, "இத வச்சுக்கம்மா, கணக்கு சரி"ன்னான். நானா இருந்தா அத அவன் தலையிலேயே போட்டிருப்பேன். இவ வீட்டுக்குக் கொண்டாந்து, கழட்டிப் பூட்டி, உசுரு குடுத்துட்டா.

அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு கூட்டம் கெடைச்சிச்சு. கொம்பியூட்டர் பைத்தியங்க சேந்து பேசுற ஒரு தமிழ்த் தளம். லுணுகலை டவுன்ல ஸலீம் நானாவோட கொமியூனிகேசன்ல, போனும் இன்டர்நெட்டும் வச்சிருக்கிற கடையில ஒக்காந்து அதுல எழுதுவா. கொழும்புல இருந்து, வெளிநாட்டுல இருந்துகூட ஆளுங்க அவகிட்ட சந்தேகம் கேப்பாங்க. "நிஷா சொன்னா சரியா இருக்கும்"னு ஒருத்தரு எழுதியிருந்தத எனக்கு வாசிச்சுக் காட்டுனா. அன்னைக்கு அவ மூஞ்சியப் பாக்கணுமே! அந்தப் பேருதான் அவளுக்கு எல்லாம்.

ரெண்டாயிரத்து ஏழுல அந்தக் கூட்டமெல்லாம் சேந்து தமிழ்ல ஏதோ ப்ரோகிராம் செய்யத் தொடங்குனாங்க. இவ லெப்டொப் அதுக்குத் தாங்கல. வித்துட்டு நல்லதா ஒன்னு வாங்கலாம்னு தளத்துலயே விளம்பரம் போட்டா. கடைக்காரன்னா கழட்டி வித்துருவானாம், இவங்கன்னா அருமை தெரிஞ்சு வச்சிக்குவாங்களாம். விளம்பரத்துல என்ன எழுதுனா தெரியுமா? மூடியில ஒரு கீல் ஒடஞ்சிருக்கு, திரையில கோடு விழுது, பெட்டரி கொஞ்ச நேரந்தான் நிக்கும்.

"ஏன்டி, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ணுக்கு மாலக்கண்ணுன்னு சொல்லுவியா?"ன்னு கேட்டேன்.

"பழைய சாமான் விக்கிறப்ப உள்ளதத்தான்க்கா சொல்லணும்"னா.

இரகுநாதன்னு ஒருத்தரு எடுக்கிறேன்னாரு. யாழ்ப்பாணத்துக்காரரு, பதுளையில பெரிய உத்தியோகம். அந்தத் தளத்துல எல்லாருக்கும் மூத்தவரு. "தங்கச்சி, என்ர மகள் துவாரகாவுக்கு நானே எடுக்கிறன். விலாசத்தைத் தாங்கோ, வந்து பாக்கிறன்"னு எழுதியிருந்தாரு.

விலாசம்! அங்கதான் வந்துச்சு வினை. லயத்து வீட்டுக்குக் கடிதம் வராதுங்க. எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போயி, அவங்க நெனச்சப்ப நம்ம கைக்கு வரும். அதோட, லயம்னு எழுதுனா எந்த வேலைக்குப் போட்டாலும் பதிலே வராது. அதனால எங்க ஆளுங்க டவுன்ல ஒரு கடை விலாசத்தத்தான் குடுப்பாங்க. கடுதாசியில பாத்தா பாதித் தோட்டம் ஸலீம் நானா கடையிலதான் குடியிருக்கு. நானும் படிச்சுப் படிச்சு சொன்னேன், "கடை விலாசத்தக் குடுடி"ன்னு.

"ஒடஞ்ச கீல் வரைக்கும் உண்மையச் சொல்லிட்டு, விலாசத்துல மட்டும் பொய் சொல்லவா?"ன்னு கேட்டுட்டு, ஏழாம் நம்பர் லயம்னே எழுதி அனுப்பிட்டா.

அந்த மனுசன் பதில் போடல. தளத்துல எல்லாரும் பாக்கப் போட்டாரு: "நண்பர்களே, கவனம். தோட்ட லயத்தில் இருக்கும் ஒருவரிடம் லெப்டொப் எப்படி வந்தது? வாங்கிய ரசீதைக் காட்டட்டும்."

சம்பளத்துக்குப் பதிலாக் குடுத்ததுக்கு எவன் ரசீது குடுப்பான்? இவ நடந்தத அப்பிடியே எழுதுனா. எவனும் நம்பல. நேத்து வரைக்கும் "நிஷா, நிஷா"ன்னு கொழைஞ்சவனெல்லாம், எந்த பங்களாவுல வேலை செஞ்சா, எந்தத் தொர வீட்டுல திருடுன சாமான்னு எழுதுனான். விளம்பரத்த மூடிட்டாங்க. ப்ரோகிராம் வேலையில இருந்தும் பேர வெட்டிட்டாங்க. ஸலீம் நானா கடையில அதப் பாத்துட்டு வந்தவ சோறு திங்கல. மாதாவே, விட்டுருவேனா நான்!

"கெளம்புடி, அந்த ஆள நேர்ல பாப்போம்"னேன்.

லெப்டொப்ப பேக்குல போட்டுக்கிட்டு பதுளைக்கு பஸ் ஏறுனோம். வழியில செக்பொயின்ட்ல ஆமிக்காரன் பேக்கத் தொறந்து பாத்தான், மூடிட்டு போகச் சொன்னான். துவக்கு வச்சிருந்தவன்கூட ரசீது கேக்கலீங்க.

விசாரிச்சு விசாரிச்சு வீட்டக் கண்டுபிடிச்சு கேட்டத் தட்டுனா, அவரு சம்சாரம் சரோஜாதேவி வந்து எங்கள மேலயும் கீழயும் பாத்துச்சு. "புரோக்கர் அனுப்பின வேலைக்காரப் பிள்ளையோ? பின்பக்கத்தால வா"ன்னுச்சு. ஏ.எல். படிச்ச புள்ளைங்க! என் வாயில வந்தத இங்க எழுத முடியாது. நிஷாலினி என் கையப் புடிச்சு அமுக்கிட்டு, "நான் நிஷா. லெப்டொப் விக்கப் போட்ட நிஷா"ன்னா.

சத்தம் கேட்டு அவரே வந்தாரு. தெருவ ரெண்டு பக்கமும் பாத்தாரு. "இஞ்ச பாருங்கோ பிள்ளை, நான் பிழையா ஒண்டும் எழுதேல்லை. ரசீதைத்தானே கேட்டனான். சரி, கொண்டு வந்திட்டீங்கள், வச்சிட்டுப் போங்கோ, நான் எடுக்கிறன்."

"உங்களுக்கு விக்க வரலீங்க. எழுதுனத அழிங்க. அதுக்குத்தான் வந்தேன்"னா நிஷாலினி.

"பாப்பம்"னு சொல்லிட்டு உள்ள போனவருதான். இன்னைக்கு வரைக்கும் அழிக்கல.

மறுநாளு அவ புது விளம்பரம் போட்டா. அதே கீல், அதே கோடு. ஆனா மொத வரியில, "இருக்கும் இடம்: ஏழாம் நம்பர் லயம்." ஒரு காக்கா குஞ்சு கூட பதில் எழுதல. தளம் வழியாத் தனியா ஒரே ஒரு கடிதம் வந்துச்சு. ஹாலிஎல டவுன்ல இருக்கிறதாச் சொல்லிக்கிட்டு, அவளோட மூனு வருசமாப் பழகுன கெவின்ங்கிற பொடியன். "நான் எடுக்கிறேன் அக்கா. நானும் லயந்தான். தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லிராதீங்க."

வாசிச்சுக் காட்டுனா. இவன் மேல வந்த கோவத்துக்கு முன்னால இரகுநாதன் மேல வந்ததெல்லாம் ஒன்னுமே இல்ல. அவரு யாரோ. இவன் நம்ம ஆளு! அவள நாலு பேரு சேந்து மிதிக்கையில பாத்துக்கிட்டே இருந்திருக்கான்!

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு லெப்டொப்ப வாங்க ஸலீம் நானா கடைக்கு வந்தான். மெலிஞ்ச பய, சட்டையெல்லாம் அயன் பண்ணி. நான் புடிச்சுக்கிட்டேன். "அவளத் திருடின்னு சொல்றப்ப வாயில என்னடா, கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"பயமா இருந்துச்சுக்கா. தெரிஞ்சா என்னையும் வெட்டிருவாங்க."

"என் தங்கச்சிக்குப் பயம் இல்லையாடா?"

தலையக் குனிஞ்சுக்கிட்டு காச நீட்டுனான். நிஷாலினி வாங்கல. பக்கத்துல இருந்த கொம்பியூட்டர்ல தளத்தத் தொறந்து, நாற்காலிய அவன் பக்கம் தள்ளுனா.

"இத நீங்க வாங்குறீங்கன்னு எழுதுங்க. எங்க இருந்துகிட்டு வாங்குறீங்கன்னும் எழுதுங்க."

ரொம்ப நேரம் கைய மடியிலேயே வச்சிருந்தான். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாத் தட்டுனான். அவன் பேரு, வாங்குறேன்கிறது, தோட்டத்துப் பேரு, ஹாலிஎல. அனுப்பப் போனான்.

என் தங்கச்சி குனிஞ்சு வாசிச்சா. கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு.

"லயத்து நம்பர விட்டுட்டீங்க"ன்னா.