என்ஜின் மாற்றும் கூலி

டாக்ஸிதான் அவருக்குச் சோறு போட்டது. ஒருநாள் நடுரோட்டில் அதன் என்ஜின் இறுகி நின்றுபோனது. மெக்கானிக்கான மச்சினன், வேறொரு பழைய என்ஜின் வாங்க நாற்பதாயிரம், மாற்றும் கூலி இருபதாயிரம் என்றான்.

"அக்கா புருஷன்கிட்டயே கொள்ளையடிக்கிறியா? நானே மாட்டிக்கிறேன்."

"என்ஜின் தூக்குற செயினையாவது எடுத்துட்டுப் போங்க மாமா."

வீம்புக்கு அதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வாங்கிவந்த என்ஜினை வீட்டு ஷெட்டில் கயிறு கட்டித் தூக்கினார். கயிறு அறுந்து, வலது கை விரல்கள் நசுங்கிப்போயின. ஆஸ்பத்திரிச் செலவு கூலியைவிடப் பல மடங்கு ஆனது.

கடைசியில் என்ஜினைப் பொருத்தியது மச்சினன்தான். மனைவி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு இப்போது சவாரி ஏற்றுகிறாள்.

"கூலியெல்லாம் வேண்டாம் மாமா" என்று மச்சினன் சொன்னதைத்தான் அவரால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. வாங்கியிருந்தால் அவனைத் திட்டவாவது முடிந்திருக்கும்.