ஏழாவது கட்டத்தில் ஒரு காந்தம்

சுங்கை வேயில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பொறியாளராக இருந்தேன். யாருக்காவது அடிபட்டால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதன் ஏழாவது கட்டம் கேட்பது, நடந்ததை விவரிக்கும் ஒரே ஓர் ஆங்கில வாக்கியம்.

எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன கோப்பில் அந்தக் கட்டம் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருந்தது. கேர்லெஸ்லி. ஒருவர் கவனக்குறைவாகத் தூக்கினார், ஒருவர் கவனக்குறைவாக இறங்கினார், ஒருவர் கவனக்குறைவாக நின்றார். கவனக்குறைவாக எப்படி நிற்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல் ஆண்டில் நானும் நான்கு எழுதினேன். நான்கிலும் அந்தச் சொல் உண்டு.

ஐந்தாவது, ஆறாம் எண் இயந்திரத்தில் வேலை செய்த ஓர் அக்காவுடையது. வலது கையின் இரண்டு விரல்கள் அச்சுக்குள் நசுங்கின. விரல்கள் தப்பின, ஆனால் ஒன்று இனி முழுதாக மடங்காது. 'ஆபரேட்டர் கவனக்குறைவாக இயந்திரத்துக்குள் கைவிட்டார்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தாமதமாக வந்ததற்காக அக்காவுக்கு ஏற்கனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்தன. என் வாக்கியத்தின் கீழ் அவர் கையெழுத்திட்டால் மூன்றாவதும் வரும், வேலை போகும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் அறையைப் பூட்டிவிட்டு, கையெழுத்து வாங்க கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன்.

அக்கா கதவைத் திறந்து என் கையிலிருந்த கோப்பையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ் வீட்டுக்கே வந்துட்டீங்க. வேலைய விட்டுத் தூக்கப் போறீங்களா, பழம் கொண்டு வந்தீங்களா?"

"பழம் இருக்குக்கா."

"அப்ப ரெண்டும்தான்."

மைலோ கலக்கிக் கொடுத்தார், இடது கையால். வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். தலையாட்டினார்.

"சரிதான். கவனம் இல்லாமத்தான் விட்டிருப்பேன். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அப்படியே டே ஷிஃப்ட். கடைசி ஒரு மணி நேரம். ஆனா மிஸ், கதவு தொறந்திருக்கும்போதே மெஷின் எப்படி ஓடுச்சுன்னு எழுதலியா?"

"எப்படி ஓடுச்சு?"

"மேக்னட் லா. கதவு சுவிட்ச் மேல வெச்சுட்டா, கதவு மூடியிருக்குன்னு மெஷின் நெனச்சுக்கும். லைன் நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் வெக்கச் சொன்னாரு. ஆடிட் வந்தா எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்குவாரு." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க இன்ஜினியர்தானே? தெரியாதா?"

அந்த இயந்திரத்தைத் தினமும் இரண்டு முறை கடந்து போகிறவள் நான். எனக்குத் தெரியாது. கையெழுத்து வாங்காமல் திரும்பினேன்.

ரயிலில் ஒரு பட்டியல் போட்டேன். எந்த இயந்திரத்தில். எந்த நேரத்தில். எது திறந்தபடி. எதன் மேல் எதை வைத்து. யார் சொல்லி. எந்த வேலைக்குப் பிறகு. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு முன்னிடைச்சொல்லில் தொடங்கும்: இன், அட், வித், ஆன், ஆஃப்டர். கேர்லெஸ்லி என்ற வினையடைக்கும் இதே வேலைதான், வினை எப்படி நடந்தது என்று சொல்வது. ஆனால் அது தனியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரும் எதையும் காட்ட வேண்டியதில்லை. வித் என்று தொடங்கிவிட்டாலோ, அடுத்து ஒரு பொருளை வைத்தே ஆக வேண்டும். ஒரு கதவு. ஒரு காந்தம்.

எல்லா வினையடைகளையும் நான் துரத்தவில்லை. 'ஆஃப்டர் த நைட் ஷிஃப்ட்' என்றால் நடுவில் வீட்டுக்குப் போய்த் தூங்கி வந்திருக்கலாம். முன்னால் 'ஸ்ட்ரெய்ட்', அதாவது 'நேரே', என்று ஒன்றைச் சேர்த்தால் அந்தத் தூக்கம் போய்விடும். அதைச் சேர்த்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். தமிழில் இவையெல்லாம் வினைக்கு முன்னால் வந்துவிடும். 'கைவிட்டார்' என்ற சொல்லுக்குப் போகக் காந்தத்தைக் கடந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் வாலில் தொங்கும். வாலை வெட்டினாலும் வாக்கியம் நடக்கும். வெட்டப் போகிறவர் எங்கள் மேனேஜர் என்பது எனக்குத் தெரியும். அதனால் கதவையும் காந்தத்தையும் வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவந்தேன்: 'கதவு திறந்தபடி, சூப்பர்வைசர் சொன்னபடி சுவிட்சின் மேல் காந்தம் வைக்கப்பட்டிருக்க, ஆபரேட்டர் ஆறாம் எண் இயந்திரத்துக்குள் கைவிட்டார், நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு செய்த டே ஷிஃப்ட்டின் கடைசி ஒரு மணி நேரத்தில்.'

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஆறாம் எண் இயந்திரத்திடம் போனேன். காந்தம் அங்கேயே இருந்தது, மஞ்சள் டேப் சுற்றி. மூன்று படங்கள் எடுத்தேன்.

மேனேஜரும் தமிழர்தான், வசதியானவர்கள் குடியிருக்கும் பங்சார்க்காரர். வாக்கியத்தை இரண்டு முறை படித்தார்.

"இது என்ன, ரிப்போர்ட்டா, டூர் புரோகிராமா?"

"கட்டத்துல இடம் இருக்கு சார்."

"நீ இன்ஜினியரா, இங்கிலீஷ் டீச்சரா? முன்ன எழுதினது ஷார்ட்டா, நல்லாத்தானே இருந்துச்சு."

"கவனக்குறைவ யாரு சார் பார்த்தது? காந்தத்த நான் பார்த்தேன். படம் இருக்கு."

அவர் பேனாவை எடுத்து, தலையில் இருந்ததையும் வாலில் இருந்ததையும் கோடு போட்டு அடித்தார். நடுவில் ஆபரேட்டரும் அவர் கையும் இயந்திரமும் மட்டும் மிஞ்சின. தாளை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப சைன் பண்ணு."

"இது நீங்க எழுதினது. நீங்க சைன் பண்ணுங்க சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. அடிக்காத பிரதியையும் மூன்று படங்களையும், தொழிலாளர் பிரதிநிதிகள் உள்பட, பாதுகாப்புக் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் அன்றே அனுப்பினேன்.

குழு கூடிய நாளில் அக்கா கையில் கட்டோடு வந்தார். தாளை வாங்கி என்னிடம் கேட்டார்: "இதுல மேக்னட் எங்க இருக்கு?" காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த கேர்லெஸ்ஸ எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்கா."

"என்னோடதுல மட்டுமா?"

தாளைக் கோப்பில் வைத்தேன், என் பழைய நான்கின் மேல்.

மூன்றாவது கடிதம் வரவில்லை. காந்தம் போய்விட்டது, அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் ஒரு கடிதம் வந்தது: டெம்பரரிலி, அதாவது தற்காலிகமாக, ஸ்டோருக்கு மாற்றம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதுவும் இல்லை. 'எந்தத் தேதி வரை, யாருடைய உத்தரவின்படி, எந்தக் காரணத்துக்காக' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். பதில் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே வரியை மறுபடி அனுப்புகிறேன்.

ஸ்டோரில் வேலை குறைவு. மதிய இடைவேளையில் என் பழைய நான்கு பேரையும் ஒவ்வொருவராகத் தேடிப் போகிறேன். முதலாமவர் கவனக்குறைவாக வழுக்கியதாக எழுதியிருந்தேன். தரையில் எண்ணெய் கிடந்ததாம். எந்த இயந்திரத்திலிருந்து என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.