ஊதிப் பார்க்காத கண்ணாடி

நாற்பது வருஷம் சரக்கு இழுத்துத் தேய்ந்து, பிறகு பன்னிரண்டு வருஷம் முட்புதருக்குள் துருப்பிடித்துக் கிடந்தது அந்த நீராவி எஞ்சின். அதை மீட்டு ஓடவைத்தவர்களில் இன்னும் ஷெட்டுக்கு வருகிறவர், உலைக்குக் கரி போடும் கரியண்ணன் ஒருவர்தான். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு இருக்கப் போய்விட்டார்கள். இவருக்கு யார் இருக்கிறார்கள்? மனைவி போய் ஒன்பது வருஷம். மகள் எப்போதாவது போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அதோடு பேச்சு தீர்ந்தது.

ஞாயிறுதோறும் எஞ்சின் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் போய்வரும். மற்ற நாளெல்லாம் துடைப்பதும் எண்ணெய் போடுவதும்தான் அவர் பிழைப்பு. கிளம்பும் முன் ஒரு வேலை உண்டு. கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் அடியிலுள்ள திருகைத் திறந்து, நீராவியாலேயே அழுக்கை ஊதிவிட வேண்டும். அழுக்கு அடைத்தால், உள்ளே தண்ணீர் குறைந்தாலும் இருப்பதாகக் கண்ணாடி கூசாமல் பொய் சொல்லும். இத்தனை வருஷத்தில் அதை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அந்த ஞாயிறு, படியருகே நின்ற ஒரு அம்மா கேட்டார்: "எத்தனை வருஷமா இதோட இருக்கீங்க?"

அவ்வளவுதான், மனுஷன் மடை திறந்ததுபோல் கொட்டிவிட்டார்! அந்த அம்மாவும் நகராமல் கேட்டார். கண்ணாடியில் பாதிவரை தண்ணீர் தெரிந்தது. ஊதிப் பார்க்கத் தோன்றவில்லை. கிளம்பிய கால் மணியில், தண்ணீர் வற்றிய சூட்டில் உலைக்கூரையின் ஈய ஆணி உருகி, நீராவி சீறிப் பாய்ந்து தீயை அணைத்தது. கொதிகலன் வெடிக்காமல் காக்கத்தான் அந்த ஆணி. யாருக்கும் காயமில்லை. கரியண்ணனுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் ஷெட் அதிகாரி தாளை நீட்டினார்.

"வண்டி பழசு, கண்ணாடி தானா அடைச்சுக்கிச்சுன்னு எழுதிடுங்கண்ணே. உங்க தலை தப்பிக்கும். வண்டியைக் காட்சிக்கு நிறுத்திடுவாங்க. நீங்கபாட்டுக்குத் துடைச்சிக்கிட்டு இருக்கலாம்."

"அப்ப இனிமே தீ மூட்ட மாட்டாங்களா?"

"பழுதான வண்டியில யாரு மூட்டுவா?"

"தப்பு என்னோடதுன்னா?"

"ஆணியை மாத்திட்டு வேற ஆளைப் போட்டு ஓட்டுவாங்க. ஆனா நீங்க உள்ள கால் வைக்க முடியாது. எதுக்குண்ணே வம்பு?"

கரியண்ணன் நிதானமாக எழுதினார்: வண்டியில் பழுதில்லை. பேச்சு சுவாரசியத்தில் நான்தான் ஊதிப் பார்க்கவில்லை.

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "அப்படி யாருகிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"தெரியலப்பா. பேர் கேக்கல."

சாவியைக் கொடுத்துவிட்டுப் பதினொரு மணிக்கு வீடு வந்தார். அந்த நேரத்தில் அந்த வீட்டில் வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும் என்றுகூட அவருக்குத் தெரியாது.