‘லிஃப்ட் பழுது’ம் ஸ்ரெத்தனின் பதினைந்து மாதங்களும்

ஸ்ரெத்தன் செய்த தவறு பெரிய தவறு ஒன்றும் இல்லை. பெல்கிரேடில் அவன் வயதுப் பையன்களில் பாதிப் பேர் அதைச் செய்திருக்கிறார்கள். 1981 கோடையில், ராணுவச் சேவைக்கான அழைப்பாணை வருவதற்கு முன்பே, அவனே ராணுவ அலுவலகத்துக்குப் போய், என்னைச் செப்டம்பரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா, இல்லை எந்தப் பெண்ணிடமாவது மாட்டிக்கொண்டாயா என்று கேட்டார்.

இரண்டும் இல்லை. அவன் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தான். ‘ஈரத்துணி’ குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்து முடித்தாகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் அடுத்த வருடக் கடைசியில்தான் வெளியிடுவோம் என்றார்கள். அவர்கள் அப்படித்தான், எதையும் ஒரு வருடம் அலமாரியில் ஊறவைக்காமல் வெளியே விடமாட்டார்கள். செப்டம்பரில் போனால் பதினைந்து மாதம், அடுத்த வருட டிசம்பரில் திரும்பி வந்துவிடலாம். தட்டு வெளிவரும், அவனும் வந்து நிற்பான். போகாமல் இருந்தால், எல்லாம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து அழைப்பாணை கதவைத் தட்டும். அதற்குப் பயந்துதான் போனான். எதற்கும் முன்கூட்டியே பயந்துவிடுகிற சுபாவம் அவனுக்கு.

குழுவில் நான்கு பேர். பாட்டெழுதிப் பாடுகிறவன் ரெல்யா, பல் மருத்துவரின் மகன். கிதார், பேஸ் வாசிக்கிற இரண்டு பேர் அவனுடைய பள்ளித் தோழர்கள். டிரம்ஸ் வாசிக்கிற ஸ்ரெத்தன் ஒருவன்தான் வேலைக்குப் போகிறவன். ரகோவிட்சாவில் ஒரு என்ஜின் ஆலையில் காலை ஷிப்ட். ஒத்திகை நடந்த இடம் நோவி பெல்கிரேடில் அவன் குடியிருந்த கட்டடத்தின் அடித்தளச் சலவை அறை. குழாய் ஒழுகும் என்பதால் டிரம்ஸை அங்கே விட்டுவைக்க முடியாது. அவன் வீடு பதினோராம் மாடி. லிஃப்ட் மார்ச் மாதம் நின்றது. ‘லிஃப்ட் பழுது’ என்று யாரோ அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அட்டையைத்தான் இரண்டு தடவை புதிதாக மாற்றினார்களே தவிர லிஃப்ட்டை அல்ல. ஒத்திகை முடிந்ததும் பெரிய டிரம்மை முதுகில் கட்டிக்கொண்டு அவன் படியேறுவதை ரெல்யா பார்த்துக்கொண்டிருந்தான். மறுவாரம் ‘பதினோராம் மாடி’ பாட்டு வந்தது.

முழுத் தட்டுக்கும் கிடைத்த ஒன்பது நாளில் அதைப் பதிவுசெய்யவே இரண்டு நாள் போயிற்று. ஸ்டுடியோ ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. தயாரிப்பாளர் திஹொமிருக்கு இவன் வாசித்த எதுவும் பிடிக்கவில்லை. வேகமாக இருக்கிறது என்றார், மெதுவாக வாசித்தால் செத்துக் கிடக்கிறது என்றார். ஒன்பதாம் நாள் மதியம், தன்னை மாற்றிவிட்டு வேறு யாரையாவது கூட்டிவரப் போகிறார்கள் என்று ஸ்ரெத்தனுக்கு நிச்சயமாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வாய் அசைவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் திஹொமிரின் குரல் கரகரத்தது.

“டேய் தம்பி, நீ வாசிக்கவே வேணாம். படி ஏறு. பதினோரு மாடி. முதுகுல சுமை இருக்கு. அவ்வளவுதான்.”

ஏறினான். ஒவ்வொரு அடியும் ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது, மூச்சு வாங்குகிறவனின் கால் மாதிரி. பாட்டு முடிந்ததும் திஹொமிர் சிகரெட் பற்றவைத்தார். அதுதான் தட்டில் ஏறியது.

ராணுவத்துக்கு அனுப்பிவைக்கிற விருந்தை அவன் அம்மா ரடோய்கா கட்டடத்துக்குப் பின்னால் கூடாரம் போட்டு நடத்தினாள். பன்றிக்குட்டி, அக்கார்டியன்காரர், எண்பது பேர். கல்யாணத்துக்குச் செய்கிற செலவை மகனை ராணுவத்துக்கு அனுப்பவே செய்துவிடுகிற ஊர் அது. ரெல்யா மூன்று கோப்பை ராக்கியா குடித்துவிட்டு மேசைமேல் ஏறினான்.

“கேளுங்க எல்லாரும். ஈரத்துணி காயறதுக்குப் பதினஞ்சு மாசம் ஆகும். நாங்க காத்துட்டிருப்போம்டா.”

எல்லாரும் சிரித்தார்கள், ஸ்ரெத்தனும் சிரித்தான். ஆனால் ஷ்டிப் நகரத்துப் படைமுகாமுக்குப் போகிற ரயிலில், காத்திருப்போம் என்று ஒருவன் மேசைமேல் ஏறிச் சொல்ல வேண்டிய தேவை என்ன என்று யோசிக்க ஆரம்பித்தான். ஸ்கோப்யே வரை யோசித்தான்.

கணக்குத் தப்பியது நவம்பரில். ஏதோ பெரிய பாடகரின் தட்டு தாமதமானதால் கம்பெனியின் பட்டியலில் ஒரு ஓட்டை விழுந்தது. கையில் தயாராக இருந்தது ஈரத்துணியின் ‘லிஃப்ட் பழுது’ தட்டு ஒன்றுதான். அதை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள்.

முகாமின் பொழுதுபோக்கு அறை வானொலியில்தான் ஸ்ரெத்தன் அதைக் கேட்டான். கஞ்சியாகிப்போன பீன்ஸ் சாப்பாடு முடிந்த நேரம். முதல் நான்கு அடி விழுந்தபோது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அது தன் கை என்று புரிந்தது. பக்கத்தில் துஸ்லாக்காரன் செனாத் செஸ் காய் நகர்த்திக்கொண்டிருந்தான். அது நான்தான் வாசிக்கிறேன் என்று அவனிடம் சொன்னான்.

“நீயா? அப்போ நான்தான் இந்த ரேடியோவுக்கு டைரக்டர். உன் யானையைக் காப்பாத்துற வழியப் பாரு.”

டிசம்பரில் தட்டின் உறை வந்து சேர்ந்தது. பின்பக்கத்தில் நான்கு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற படம். செனாத் படத்தையும் ஸ்ரெத்தனின் மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். அன்றிலிருந்து படைப்பிரிவே அவனைப் பதினோராம் மாடி என்று கூப்பிட்டது. இளைஞர் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை அம்மா வெட்டி அனுப்பியிருந்தாள். இந்த நாட்டின் புதிய அலை ராக் இசை இனிமேல் இந்தத் தட்டுக்கு முன், பின் என்றுதான் பேசப்படும் என்று எழுதியிருந்தார்கள். அந்த டிரம்ஸுக்கு முழங்கால் வலி இருக்கிறது என்றும் ஒரு வரி இருந்தது. அதை எத்தனை தடவை படித்தான் என்று அவனுக்கே தெரியாது.

ஆனால் ரெல்யாவின் கடிதங்கள்தான் அவனுக்கு முக்கியம். முதலில் வந்தவை நாலு பக்கம். பிறகு ஒரு பக்கம். பிறகு தபால் அட்டைகள். லுப்லியானாவில் கூட்டம் மேடையேறிவிட்டது, ஸாக்ரெபில் இரண்டு நாள் வாசித்தோம், ரியெகாவில் கடல் பார்த்தோம். யாரை வைத்து வாசித்தார்கள்? மூன்றாவது அட்டையில்தான் பதில் வந்தது, அதுவும் ஓரத்தில் குறுக்காக. வுகாஷின் என்று ஒரு பையன், இசைப்பள்ளி மாணவன், தற்காலிகமாக.

‘தற்காலிகமாக’ என்பதை ஸ்ரெத்தன் காவல் பணியில் நின்றபடி பலவிதமாகச் சொல்லிப் பார்த்தான். ஒரு நாள் நம்பிக்கையாக ஒலித்தது, ஒரு நாள் கேலியாக. பிப்ரவரிக் கடைசியில் வந்த அட்டை ஸ்கோப்யேயிலிருந்து. பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊர். அங்கே வந்து, வாசித்து, போயும் விட்டார்கள். ‘உன்னை நினைச்சுக்கிட்டோம்’ என்று எழுதியிருந்தான் ரெல்யா. பார்க்க வரவில்லை.

அந்த வாரம்தான் கேப்டன் கூப்பிட்டனுப்பினார். அரசியல் வகுப்பு எடுக்கிற கேப்டன், நீஷ் நகரத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எல்லாரும் பயப்படுவார்கள். மேசைமேல் அந்தத் தட்டு கிடந்தது. ஸ்ரெத்தன் நிமிர்ந்து நின்றான். போன மாதம் பக்கத்துப் பிரிவில் ஒருவன் ஒரு ஜோக் சொன்னதற்குச் சிறையறைக்குப் போயிருந்தான்.

“இது நீதானே?”

“ஆமா, தோழர் கேப்டன்.”

“லிஃப்ட் பழுதுன்னு போட்டிருக்கு. யாரோட லிஃப்ட்? நம்ம நாட்டோட லிஃப்ட்டா?”

“இல்லங்க, தோழர் கேப்டன். எங்க கட்டடத்து லிஃப்ட் மட்டும்தான்.”

கேப்டன் தட்டைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. ஸ்ரெத்தன் தன்னையறியாமல் அதன் அடிகளை எண்ணினான்.

“சரி பண்ணிட்டாங்களா?”

“இன்னும் இல்லைங்க.”

“எங்க வீட்லயும் இல்ல. ஏழாவது மாடி. என் பொண்டாட்டி தினமும் என்னைத் திட்டி எழுதுறா, என்னமோ நான்தான் அதைக் கெடுத்த மாதிரி.” குரல் மாறவே இல்லை. “என் பொண்ணு இந்தத் தட்டத் தேயத் தேயக் கேக்குறா. நாலு பேர் கையெழுத்தும் வேணுமாம். மூணு நாள் லீவு தர்றேன். வாங்கிட்டு வந்துரு.”

வெளியே வந்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. ஆனால் சிறையறை இல்லை என்றானதும், அந்த இடத்தில் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கடிதத்தில் ஒருவன் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இனி முகத்தைப் பார்க்க வேண்டும். தன் இடம் இருக்கிறதா போய்விட்டதா என்று அந்த முகத்தில் தெரிந்துவிடும்.

பெல்கிரேடில் சனிக்கிழமை அவர்களுக்கு ஒரு பெரிய அரங்கில் நிகழ்ச்சி இருந்தது. ஆனால் மூன்று நாளில் இரண்டை ரயில் தின்றுவிடும், சனிக்கிழமை மாலை ஆறரைக்கு அவன் கிளம்பியாக வேண்டும். நிகழ்ச்சி எட்டு மணிக்கு. மதியம் ஒலி சரிபார்க்கிற நேரத்தில் சீருடையோடு அரங்கத்துக்குப் போனான். வாசலில் பெயர் கேட்டார்கள். சொன்னான். காவலாளி கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெயர் இல்லை என்றான். உள்ளேயிருந்து ரெல்யா பார்த்து ஓடி வந்து கட்டிப்பிடித்தான்.

“ஐயோ, உன் மொட்டையப் பாரு. முட்டைக்குக் காது வச்ச மாதிரி இருக்கு.”

அது பழைய ரெல்யாதான். ஸ்ரெத்தனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மற்ற இருவரும் முதுகில் தட்டினார்கள். கேப்டன் மகளின் தட்டில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அவனும் போட்டான். வுகாஷின் தள்ளியே நின்றான். ஒல்லியாக, பத்தொன்பது வயது, குச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, திருடிய பொருளோடு மாட்டிக்கொண்டவன் மாதிரி. அவனை வெறுத்துவிடலாம் என்றுதான் ஸ்ரெத்தன் ரயில் முழுக்க நினைத்து வந்திருந்தான். முடியவில்லை.

“அண்ணே, ஒரு பாட்டு வாசிங்களேன்,” என்றான் வுகாஷின். “நான் ஓரமா நின்னு பாக்குறேன்.”

உட்கார்ந்தான். இருக்கை உயரமாக இருந்தது, சுற்றித் தாழ்த்தினான். ஆறு மாதமாகத் துப்பாக்கி பிடித்த கை. ‘பதினோராம் மாடி’யை ஆரம்பித்தான், தட்டில் இருக்கிறபடியே, சுமையோடு. பத்து விநாடியிலேயே தெரிந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்பது மேடைகளில் அந்தப் பாட்டுக்கு வேகம் கூடியிருந்தது. கூட்டத்தோடு சேர்ந்து அது ஓடப் பழகியிருந்தது. ரெல்யா திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. சாப்பாட்டு மேசையில் தாத்தாவின் கை நடுங்கும்போது மற்றவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு மூவரும் மரியாதையாக வேகத்தைக் குறைத்து இவனுக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் தவறாக வாசித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். காத்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ரெல்யா டிராம் நிறுத்தம்வரை கூடவே வந்தான். வசந்தத்தில் நாற்பது ஊர் ஏற்பாடாகியிருக்கிறது, கோடையில் இரண்டாவது தட்டு, கம்பெனி அவசரப்படுத்துகிறது என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். டிசம்பர் என்று அவன் வாயில் வரவே இல்லை. கேட்டுவிட வேண்டும். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? பதில் வராமல் ஷ்டிப்புக்குப் போய் இன்னும் ஒன்பது மாதம் தபாலைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தபோது அது இன்னும் மோசமாக இருந்தது.

“ரெண்டாவது தட்டுல வுகாஷின் வாசிக்கட்டும்,” என்றான்.

ரெல்யா நின்றான். “நிஜமாவா சொல்ற?”

அந்த முகத்தை ஸ்ரெத்தன் நன்றாகப் பார்த்தான். நெற்றிச் சுருக்கம் சரியாகத்தான் விழுந்தது, குரலிலும் வருத்தம் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஒரு கண்ணிமைப்பு நேரத்துக்கு, தோள்கள் இறங்கின. சுமையைக் கீழே வைத்தவனின் தோள்கள். படியேறிப் பழகியவனுக்கு அது தெரியாமல் போகுமா.

“நிஜமாத்தான். அவன் நல்லா வாசிக்கிறான்.”

“நல்லாத்தான் வாசிக்கிறான்,” என்றான் ரெல்யா.

பிறகு வேறு விஷயங்கள் பேசினார்கள். அம்மாவின் ரத்த அழுத்தம், முகாம் சாப்பாடு, செனாத்தின் செஸ். ஸ்ரெத்தன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே டிராம் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெல்யா இன்னொரு தடவை கேட்பான் என்று எதிர்பார்த்தான். வேண்டாம்டா, நீதான் வாசிக்கணும் என்று சும்மா ஒரு பேச்சுக்காவது. கேட்டிருந்தால் உடனே மாற்றிச் சொல்லியிருப்பான், பதிலைக்கூட யோசித்து வைத்திருந்தான்.

டிராம் வந்து நின்றது. ரெல்யா அவனைக் கட்டிப்பிடித்து, தொப்பியைச் சரிசெய்துவிட்டு, ரயிலை விட்டுவிடாதே என்றான்.