அவர் பெயரில் எட்டு வருஷம்

கம்ப்யூட்டர் தெரியும் என்று எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. எனக்குத் தெரியுமா தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, ஒரு பிரிவின் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் எட்டு வருஷமாக நான்தான் செய்தேன். ஆனால் என் பதவி அலுவலக உதவியாளர். பழைய பேச்சில் பியூன். கோப்பு தூக்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். கடிதம் அடிப்பது, பட்டியல் போடுவது, இணையதளத்தில் விவரம் ஏற்றுவது எல்லாம் பிரிவு கிளார்க்கின் வேலை. அவருக்கு அது வராது. வராது என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "கண்ணு எரியுதும்மா, நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்பார். அந்தக் கொஞ்சம்தான் எட்டு வருஷம்.

காலையில் வந்ததும் அவருடைய நாற்காலியில் நான் உட்காருவேன். அவருடைய லாகினில் நுழைவேன். நான் அடிக்கும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவர் பெயர், அதன் கீழே அவர் பதவி. ஏற்றும் ஒவ்வொரு பட்டியலிலும் 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலதிகாரி வருகிறார் என்றால் நான் எழுந்துவிடுவேன், கிளார்க் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொள்வார். சூடான டீ டம்ளரைப் பிடிப்பது போலப் பிடிப்பார். ஒருமுறை கூட்டத்தில், இந்தப் பிரிவின் வேலை சுத்தமாக இருக்கிறது என்று அவரை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள். நான் பின்னால் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தட்டச்சர் பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பட்டியல் கேட்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. அதையும் நான்தான் பிரிண்ட் எடுத்தேன். தட்டச்சுத் தேர்வுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கல்யாணத்துக்கு முன்பே முடித்திருந்தேன். இல்லாதது ஒன்றுதான்: அரசு அங்கீகரித்த கம்ப்யூட்டர் சான்றிதழ். என் அம்மா வேடந்தாங்கல் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை பறித்தவர். எனக்கு நாற்காலி என்பது சாதாரண விஷயம் இல்லை. என் பெயரில் ஒரு நாற்காலி, என் பெயரில் ஒரு மேஜை. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

கிளார்க்கிடம் போய், இத்தனை வருஷம் செய்த வேலையை அனுபவமாகக் காட்ட முடியுமா சார் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ரெக்கார்டுபடி நீ கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லியேம்மா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வருஷப் பட்டியல் என்னை விட்டுவிட்டுப் போனது. அடுத்த பட்டியலுக்குள் சான்றிதழ் வாங்காமல் விடுவதில்லை என்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தேன்.

பயிலக மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் கேட்டார்:

"இன்னாக்கா, இதுக்கு முன்ன மவுஸு புடிச்சிக்கிறியா?"

அடுத்தவர் லாகினில் வேலை செய்வது குற்றம். பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கே என்று கேட்பார். "இல்லீங்க" என்றேன். அப்புறம் என்ன, கம்ப்யூட்டரை எப்படி ஆன் செய்வது என்று எனக்கு இரண்டு நாள் பாடம் நடந்தது. பக்கத்தில் கல்லூரிப் பெண்கள் சிரித்துக்கொண்டு அடித்தார்கள். நானும் தெரியாதவள் போல ஒற்றை விரலால் தட்டினேன். தெரிந்ததைத் தெரியாதது போல நடிப்பதற்கு மாதக் கட்டணம் கட்டியவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாலை ஏழு மணிக்கு மேல் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் நின்றபடி வீட்டுக்கு வருவேன். வழியெல்லாம் கிளார்க்கை மனதுக்குள் திட்டிக்கொண்டே வருவேன். மறுநாள் காலை அவருக்கே வணக்கம் சொல்லி அவருடைய நாற்காலியில் உட்காருவேன். அந்த வணக்கத்துக்காக என்னையும் சேர்த்துத் திட்டியிருக்க வேண்டும்.

தேர்வு மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு கல்லூரியில். காலையில் எழுத்துத் தேர்வு, மதியம் செய்முறை. ஒரு பள்ளிக்கு நாற்காலிகள் வாங்குவது பற்றி ஒரு கடிதம், ஒரு அட்டவணை, நான்கு சிலைடுகள். எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? பக்கத்தில் இருந்தவர்கள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் நான் கடிதத்தை முடித்து பிரிண்ட் கொடுத்துவிட்டேன். தாளை எடுத்துப் பார்த்த மேற்பார்வையாளர் அம்மாவின் முகம் மாறியது.

"இது யாரும்மா?"

கடிதத்தின் அடியில் எங்கள் கிளார்க்கின் பெயர். கீழே அவருடைய பதவி.

விடைத்தாளில் பெயரே இருக்கக் கூடாது, பதிவெண் மட்டும்தான். நானோ வேறொரு ஆளின் பெயரைப் பதவியோடு போட்டு வைத்திருக்கிறேன். நான் யோசித்துப் போடவில்லை. கடிதம் முடிந்ததும் கை தானாக அடித்துவிட்டது. எட்டு வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூட என் கை வேறு பெயரில் முடித்ததில்லை. அந்த அம்மா தலைமைக் கண்காணிப்பாளரைக் கூட்டி வந்தார். யாருக்காகத் தேர்வு எழுதுகிறாய், அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். அறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எழுதிக் கொடு என்றார்கள். நான்கு வரி எழுதினேன். இவர் எங்கள் அலுவலக கிளார்க். தினமும் இவருடைய வேலையை இவர் பெயரில் நான் செய்கிறேன். பழக்கத்தில் கை அடித்துவிட்டது. எழுதி முடித்து, பதிவெண் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அந்தத் தாள் மேலே போனால் அவருக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. போகட்டும் என்று இருந்தது.

கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்தார்.

"எத்தினி வருஷமா?"

"எட்டு சார்."

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "டைம் கீதும்மா. பேர எடுத்துட்டு வேற பிரிண்ட் குடு."

தேறினேன். சான்றிதழ் கைக்கு வந்த அன்று கிளார்க்கிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "நீ தட்டச்சர் ஆயிட்டா எனக்கு யாரும்மா கீறா?" என்றார். அது பாராட்டு என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

புதிய பட்டியலுக்கு என் சான்றிதழை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்ற வேண்டியவர் அவர். ஒரு வாரம் இழுத்தார். கடைசி நாள், கடைசி நேரம் மாலை ஐந்து மணி. மதியம் கேட்டபோது, "நீயே ஏத்திக்கோம்மா, இன்னா புதுசா கேக்குற?" என்றார்.

ஐந்து நிமிட வேலை. எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஆனால் என் சான்றிதழின் பக்கத்திலும் 'பதிவு செய்தவர்' என்று அவர் பெயர் வரும், அதையும் என் கையாலேயே ஏற்ற வேண்டும் என்று நினைத்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"நான் ஏத்தமாட்டேன் சார். உங்க பேரு வர்ற வேலைய நீங்களே செய்யுங்க."

இப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. பக்கத்துப் பிரிவில் பேச்சு நின்றது. மேலதிகாரி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கிளார்க் ஐந்து மணிக்குள் ஏற்றாவிட்டால் நட்டம் எனக்குத்தான், அவருக்கு ஒன்றும் இல்லை. அது தெரிந்தும் நான் அசையவில்லை. மேலதிகாரி, "ஏத்துங்க சார், அவங்க விவரம் போயாகணும்" என்றார். கிளார்க் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி நாலு இருபது.

அன்று என் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் முன்னால். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபம் அதைப் பற்றியது இல்லை.

திரையில் லாகின் பக்கம் வந்தது. அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாஸ்வேர்டு இன்னாம்மா?"

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லும். மாற்றுவது நான்தான். ஒவ்வொரு முறையும் ஒரே பெயரை வைத்து, பின்னால் வரும் எண்ணை மட்டும் மாற்றுவேன்.

"என் பொண்ணு பேரு சார். பின்னால முப்பத்தி மூணு."

அவர் விரல் ஒன்றை நீட்டியபடி அப்படியே இருந்தார். அவள் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் இந்த மனிதரின் கையில்தான் முதல் சாக்லேட்டைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு டெங்கு வந்தபோது பத்து நாள் விடுப்பு கேட்டு நின்றதும் இவரிடம்தான்.

"உன் பொண்ணு பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.